எல்லாப் பிள்ளைகளும் ஆட ஒரு திடல்: காட்பாடிப் பக்கம் பணம் திரட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரை ஒட்டிய காட்பாடிப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம், பல வருடமாக முள்செடியும் உடைந்த பாட்டிலுமாகக் கிடக்கிறது. அங்கே சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் ஓடி வரும் பிள்ளையும் சேர்ந்து ஆடும்படி ஒரு விளையாட்டுத் திடல் அமைக்கப் பெற்றோர் சிலரும் தெருக்காரர்கள் சிலரும் கிளம்பியிருக்கிறோம். வீட்டு வாசலிலும் டீக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில். வேறு தெருவில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இது உதவட்டும்.

இது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான தனிப் பூங்காவா?

"இன்னா தம்பி, முடியாத புள்ளைங்களுக்குத் தனியா பார்க் கட்டுறீங்களாமே?" என்று ஒரு பாட்டி கேட்டார். அந்தத் 'தனியா' என்ற சொல்லைத்தான் எடுக்கப் பார்க்கிறோம்.

இப்போதுள்ள பூங்கா ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாசலிலேயே ஒரு படி. மாடு நுழையாமலிருக்க வளைத்து வைத்த கம்பி. உள்ளே போனால் மணல். சங்கிலியில் தொங்கும் பலகை ஊஞ்சல், பிடித்து உட்காரத் தெரிந்தவனுக்கு மட்டும். அண்ணன் ஆடுவான். நடக்க முடியாத தங்கை ஓரமாக அவன் செருப்புக்குக் காவல் இருப்பாள். வீட்டில் ஒன்றாக விளையாடுகிற இருவரைப் பூங்காதான் பிரித்து வைக்கிறது.

நாங்கள் கேட்பது இருவரும் ஒரே கூடை ஊஞ்சலில் படுத்து ஆடுகிற இடம். படிக்குப் பதிலாக வைக்கும் சாய்தளம் மூட்டு வலியோடு பேரனைக் கூட்டி வரும் தாத்தாவுக்கும் உதவும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் அம்மாவுக்கும்தான்.

இதெல்லாம் பெரிய நகரத்துச் சமாச்சாரம் அல்லவா? வேலூருக்கு எதற்கு?

வேலூருக்கு இல்லாமல் வேறு எந்த ஊருக்கு? மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முன்னின்று அமைத்த மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966இல் திறந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் சக்கர நாற்காலியை ஓட்டப் பழகுவதை இந்த ஊர் அறுபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேருந்தில், கடையில், காந்தி ரோட்டில் எங்கே சக்கர நாற்காலியைக் கண்டாலும் இங்கே யாரும் நின்று முறைப்பதில்லை. ஆனால் அந்த நாற்காலி நுழையக்கூடிய விளையாட்டு இடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்குள்ள சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பரிசோதனை, முடிவு, மறு தேதி என்று வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். சிகிச்சைக்கு வந்த பிள்ளையும் கூட வந்த பிள்ளையும் பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடக்கிறார்கள். விளையாட மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் ஏதாவது சொல்கிறதா, இல்லை நல்லெண்ணம்தானா?

சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. பொது இடங்கள் எல்லோரும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. 2007இல் இந்தியா ஏற்று உறுதி செய்த ஐநா உடன்படிக்கையும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு விளையாட்டில் சம வாய்ப்பு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அலுவலகத்துக்கு மனு எழுதும்போது இந்த இரண்டு வரியும் அதில் இருக்கட்டும். பேச்சு கொஞ்சம் மரியாதையாக நடக்கும்.

திடலில் என்னென்ன இருக்கும்?

பணம் கேட்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வாசல். படி இல்லாமல், நாற்காலி இடிக்காமல் நுழைய மூன்றடி அகலமாவது வேண்டும். ஏறுகிற இடத்தில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம். கொத்தனார் "ஆறடி போதும் சார், தம் கட்டித் தள்ளிடலாம்" என்பார். கேட்காதீர்கள், அது சறுக்கு மரமாகத்தான் முடியும். இரண்டு நாற்காலி எதிரெதிரே வந்தால் விலகிக்கொள்ள நடைபாதை ஆறடி, ஒரு நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். தரையோடு தரையாகப் பதித்த ராட்டினம் இருந்தால் நாற்காலியை அப்படியே அதன்மேல் ஏற்றிச் சுற்றலாம். நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் மடி உயரத்துக்கு ஒரு மணல் மேசை. தொட்டால் சத்தம் வரும் பலகைகள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை வேறு. சுற்றுச்சுவர், ஒரே ஒரு வாசல், கூச்சல் தாங்காதபோது போய் ஒடுங்கிக்கொள்ள ஒரு மூலை. "கதவு ரெண்டு இருந்தா நான் உட்காரவே மாட்டேன், நின்னுக்கிட்டேதான் இருப்பேன்" என்றார் ஒரு அம்மா. வரைபடத்தில் இருந்த இரண்டாவது வாசலை அன்றைக்கே அடித்துவிட்டோம்.

அப்புறம் சறுக்கு மரம். இதில்தான் நாங்கள் நன்றாக மாட்டிக்கொண்டோம். பிளாஸ்டிக் சறுக்கில் சறுக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகும். அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள் கேட்புக் கருவி (காக்ளியர் இம்ப்ளாண்ட்) பொருத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு அது ஆகாது, கருவியின் வெளிப்பகுதியில் பதித்து வைத்த அமைப்புகளைக் குழப்பிவிடலாம். அதனால் சறுக்குவதற்கு முன் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் கூட ஆடும் பிள்ளைகள் பேசுவது கேட்காது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் நம் மாநிலத்தில் நிறைய. சரி, எவர்சில்வர் சறுக்கு போடலாம் என்றால், வேலூர் வெயில். மே மாதம் பகல் ஒரு மணிக்கு அதில் தோசை ஊற்றலாம். கடைசியில் எவர்சில்வர் சறுக்கையே வடக்குப் பார்த்து, மர நிழலுக்குள் வைப்பது என்று முடிவானது. நிழல் வளரும்வரை மேலே நிழல்வலை.

விழுந்தால் அடிபடாத ரப்பர் தரைக்கும் அதே கதை. கறுப்பு ரப்பர் வெறுங்காலைச் சுட்டுவிடும். வெளிர் நிறமாக, விழக்கூடிய இடங்களில் மட்டும் போட்டால் செலவும் குறையும். 'மரமில்லா மலை' என்று நம் ஊரைப் பழித்த பழமொழிக்கு இந்தத் திடலிலாவது நான்கு புங்கையும் இரண்டு வேம்பும் பதில் சொல்லட்டும். தயவுசெய்து அரளி வேண்டாம். பார்க்க அழகு, பராமரிப்பு இல்லை என்று எங்கே பார்த்தாலும் நட்டுவிடுகிறார்கள். அது முழுக்க விஷம், நம் பிள்ளைகளில் சிலர் கைக்குக் கிடைத்ததை வாயில் வைப்பவர்கள்.

எவ்வளவு செலவாகும்?

ஒரே ஒரு தொகையைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். எல்லோரும் ஊஞ்சலுக்கும் ராட்டினத்துக்கும் விலை கேட்கிறார்கள், ஆனால் பணத்தைக் குடிப்பது தரை. மேடுபள்ளம் சமப்படுத்துவது, மழைத்தண்ணீர் வடிகால், நடைபாதை, ரப்பர் தரை, சுற்றுச்சுவர், நாற்காலி நுழையும் கழிப்பறை. கழிப்பறையை மறந்துவிட்டுக் கட்டிய திடலில் பிள்ளைகள் அரை மணி நேரத்துக்கு மேல் தங்க மாட்டார்கள்.

மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, லாரி வாடகை யார் தலையில், பொருத்தித் தருவார்களா, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக் கூடை ஊஞ்சலின் கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு வரும்வரை ஊஞ்சல் சும்மா தொங்கும்.

இடம் யாருடையது? முதலில் பணமா, அனுமதியா?

அனுமதி. கையில் கடிதம் இல்லாமல் உண்டியலைத் தூக்காதீர்கள்.

பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது தமிழ்நாட்டு விதி. ஆகவே உங்கள் தெருவில் 'பார்க் இடம்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மாநகராட்சியுடையதோ ஊராட்சியுடையதோ ஆகத்தான் இருக்கும். ஆனால் பத்திரம் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பக்கத்து மனைக்காரர் நாலடி உள்ளே தள்ளிச் சுவர் வைத்திருந்தால் அந்தச் சண்டையையும் வசூலுக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது.

வரி கட்டுகிறோமே, மாநகராட்சியே செய்யட்டுமே?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டுவிட்டுப் பணமும் கொடுத்தவர்கள் உண்டு, கொடுக்காமல் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். முப்பது லட்சம் மதிப்பீடு என்று வைத்துக்கொள்வோம், தெரு பத்து லட்சம் திரட்டினால் போதும். வேலை அரசு முறைப்படி நடக்கும், திடலும் மாநகராட்சிச் சொத்தாகவே இருக்கும். மதிப்பீட்டைப் பொறியாளர் தயாரிப்பார். வழக்கமான பூங்கா மதிப்பீட்டில் சாய்தளமும் ரப்பர் தரையும் இருக்காது, அதனால் அது கையெழுத்தாவதற்கு முன்பே வரைபடத்தோடு போய் உட்காருங்கள். பிறகு போனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. மனு கொடுக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், கையில் பூங்கொத்தைக் கொடுத்து நிறுத்தாதீர்கள். சாய்தளம் எங்கே வேண்டும் என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.

தெருவில் எப்படி வசூலிக்கிறீர்கள்?

முதலில் தப்பாகத்தான் செய்தோம். பெரிய கடைக்காரர்களிடம் போனோம். ஒவ்வொருவரும் ஒரே கேள்வி: "மத்தவங்க எவ்ளோ போட்டிருக்காங்க?" காட்ட ஒரு பெயர்கூட இல்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒரு ஃப்ளெக்ஸ். சக்கர நாற்காலியில் சோகமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை படம், கீழே 'உதவுங்கள்'. எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, என் பொண்ணு பிச்சை கேக்கல, ஊஞ்சல் கேக்கறா. கழட்டிடுங்க" என்றார். கழற்றினோம். பணம் போனது போகட்டும், எங்கள் முகத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதன் பிறகு வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அம்மன் திருவிழாவுக்கு நாம் எப்படி வசூலிக்கிறோம்? தலைக்கட்டு வரி. பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் வீட்டுக்கு இவ்வளவு. அதற்கு மேல் போடுவது அவரவர் விருப்பம். வரி கொடுத்த வீடு திருவிழாவைத் 'நம்ம திருவிழா' என்று சொல்லும், கூழ் சரியில்லை என்றால் சண்டைக்கும் வரும். திடலுக்கும் அதையே செய்தோம். ஆட்டோ ஓட்டுகிறவரும் கொடுக்கக்கூடிய தொகையாக வைத்து, வீட்டுக்கு வீடு நோட்டில் எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்தோம். நாலு தெரு முடிந்த பிறகு அந்த நோட்டோடு அதே கடைகளுக்குப் போனோம். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை.

கொடுக்காத வீட்டை நோட்டில் குறிக்காதீர்கள். மளிகைக் கடன் இருக்கும், மருத்துவச் செலவு இருக்கும். கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஊஞ்சல்தான்.

கூத்து வைத்துப் பணம் திரட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். நல்ல யோசனை, வட ஆற்காட்டில் தெருக்கூத்துக்கு விடிய விடிய உட்காரும் கூட்டம் இன்னும் உண்டு. ஆனால் கூத்துக் கலைஞர்களின் சம்பளத்தை மறந்து கணக்குப் போடாதீர்கள். நல்ல காரியம் என்று அவர்களை இலவசமாக ஆடச் சொல்வது நியாயமில்லை.

உங்கள் ஜிபே எண்ணுக்கே அனுப்பிவிடட்டுமா?

வேண்டாம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனி ஆள் கணக்கில் ஊர்ப் பணம் சேரக்கூடாது. வீட்டுச் செலவும் திடல் பணமும் ஒரே பாஸ்புக்கில் இருந்தால் கடவுளே கணக்குக் காட்டினாலும் ஊர் நம்பாது. வருமான வரிக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, அந்தப் பெயரில் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். க்யூஆர் அட்டை அந்தக் கணக்குக்குரியதாக இருக்கட்டும். ஏற்கெனவே பதிவுள்ள குடியிருப்போர் சங்கம் இருந்தால் புதிதாக ஒன்று தொடங்கும் வேலை மிச்சம்.

மாதம் ஒரு முறை வரவு செலவை டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் போட்டால் படிக்காமல் கட்டைவிரல் காட்டுவார்கள். சுவரில் ஒட்டினால் டீ ஆறும்வரை படித்து, "செங்கல் லோடு இந்த ரேட்டா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வருமான வரிச் சலுகை கிடைக்குமா?

80ஜி என்று எல்லோரும் சொல்லும் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் உண்டு, பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்கு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது, வங்கி வழியாகக் கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. அதை மறைத்துப் பணம் கேட்காதீர்கள், மார்ச் மாதம் ஆடிட்டர் சொல்லும்போது உங்கள் பெயர்தான் கெடும்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம்?

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் இன்று வேறு மாவட்டம். "எங்க மாவட்டத்துல இருந்தா சொல்லுங்க" என்று பதில் வரலாம், மனம் தளர வேண்டாம். இந்தப் பணத்தை வாங்குகிற அமைப்பு அதற்கென்று உள்ள சிஎஸ்ஆர்-1 பதிவு செய்திருக்க வேண்டும். புதிய குழுவுக்கு அது உடனே கைகூடாது. பதிவுள்ள பழைய தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கேட்பது எளிது.

அந்த வரம்பை எட்டாத முதலாளிகளையும் விட்டுவிடாதீர்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்தது தோல் வணிகர்கள் முன்னின்றுதான். அப்போது அவர்களைக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பலாமா?

பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகன் அனுப்பினால் ஆகும். அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அது இல்லாமல் நூறு டாலர் வாங்கினாலும் குற்றம். அவர் லீவில் வரும்போது ஒரு மரக்கன்று நடச் சொல்லுங்கள்.

கொடுத்தவர் பெயரை எழுதுவீர்களா?

எழுதுவோம், ஒரே பலகையில், அகர வரிசையில், தொகை இல்லாமல். ஊஞ்சலுக்கு ஒரு உபயம், தூணுக்கு ஒரு உபயம் கிடையாது. பார்வையில்லாத பிள்ளைகளும் தடவிப் படிக்க அதே பலகை பிரெயிலிலும் இருக்கும். பெயர் எழுதாதீர்கள் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் பெயர் கணக்கு நோட்டில் மட்டும்.

பணம் முழுதாகச் சேராவிட்டால்?

பாதிப் பணத்தில் பாதிப் பொருள் வாங்கிப் போட மாட்டோம். முதலில் சுவர், வாசல், நடைபாதை, கழிப்பறை, மரங்கள். இவை இருந்தால் பந்து ஒன்று போதும், பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிடுவார்கள். ராட்டினம் பிறகு வரட்டும். அனுமதியே ரத்தானால் ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோம்.

திறந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடல் ஓரம்வரை போக 263 மீட்டர் மரப்பாதை ஒன்றை 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடலோரப் பகுதியைப் பிய்த்தது. மாநகராட்சியிடம் ஆளும் பணமும் இருந்ததால் சரிசெய்ய முடிந்தது. நம் திடலுக்குப் புயல் தேவையில்லை, ஒரு போல்ட் கழன்றால் போதும்.

அதனால் வருகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினைந்தைத் தனியாக வைப்பு நிதியில் போடுகிறோம். கட்டுமானத்துக்கு எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடுவதில்லை. ஊஞ்சல் கொக்கிக்கு கிரீஸ், தேய்ந்த கயிறு, கிழிந்த நிழல்வலை, காலையில் பெருக்கித் தரையைத் தொட்டுச் சூடு பார்க்கும் ஒருவருக்குச் சம்பளம், எல்லாம் அந்த வட்டியிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் சிறு தலைக்கட்டிலிருந்தும்.

பணம் தர முடியாது. வேறு என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள், முள்செடி வெட்டுகிறோம். வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுவோம். கடப்பாரை இருக்கிறது, கையுறை இரண்டு ஜோடிதான் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் எடுத்து வாருங்கள்.